ஈரமாகாத பூட்ஸ்

என் இடது கால் பெருவிரலின் மேல் ஒரு தழும்பு இருக்கிறது. ஒன்றரை அங்குல நீளம், நடுவில் லேசாக வளைந்து, சோம்பேறி மண்புழு ஒன்று படுத்திருப்பதுபோல. பார்த்துக் கேட்பவர்களுக்கு ஆளைப் பொறுத்துப் பதில் சொல்வேன். ஆபீஸ் நண்பர்கள் கேட்டால் பள்ளிக்கூட நாளில் கால்பந்து ஆடியபோது பட்டது என்பேன். உறவுக்காரர்கள் கேட்டால் மோட்டார் சைக்கிள். உண்மையை வெளியில் சொன்னதில்லை, ஏனென்றால் உண்மை அவ்வளவு கேவலமானது. அந்த விரலைத் துளைத்தது தண்ணீர். சாதாரணக் குழாய்த் தண்ணீர், கிள்ளான் மக்கள் காலையில் பல் விளக்கும் அதே தண்ணீர். அதைப் பெட்ரோல் மெஷின் ஒன்றுக்குள் விட்டு, பீச்சும் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, என் காலை நானே சுட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்து மூன்று. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில், விபத்தில் அடிபட்டவர்கள் அனுப்பும் மனுக்களைப் படித்து, ஓரத்தில் சிவப்பு மையால் ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று எழுதுவதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை.

தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது வலி இல்லை. ஒரு பெண்மணியின் எரிச்சல். வாடகைக்கடை அக்கா என்றுதான் ஊரில் அவரைச் சொல்வோம். கிள்ளானில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி, டயர் கடை ஒன்றுக்கும் சீனர் ஒருவரின் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவில் அவர் கடை. புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர், சிமெண்ட் கலக்கும் மெஷின், தண்ணீர் பீச்சும் மெஷின் என்று பெட்ரோல் குடிக்கிற எதையும் நாள் வாடகைக்கு விடுவார். நாற்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, காதில் எப்போதும் ஒரு பென்சில். கடையின் பின்பக்கம் ஒரு மேசையில் அவர் கணவர் உட்கார்ந்து இடது கையால் மெதுவாக ரசீது எழுதிக்கொண்டிருப்பார். வலது கை எப்போதும் முழுக்கைச் சட்டைக்குள்ளேயே இருக்கும். லோரி விபத்தாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். விபத்துகளைப் பற்றி நானாகவே முடிவு செய்வது என் தொழில் பழக்கம்.

அந்தக் கடையில் மெஷின் வாங்குவது, பெண் கேட்டுப் போவதைவிடச் சிரமம். முதலில் அக்கா பாடம் நடத்துவார். சீன குத்தகைக்காரர் வந்தால் பாதி ஹொக்கியனில், மலாய்க்காரர் வந்தால் மலாயில், நம்மவர்கள் வந்தால் தமிழில், கூடவே திட்டும் சேர்த்து. பிறகு நாம் அதைத் திருப்பி ஒப்பிக்க வேண்டும். ஒரு இடத்தில் தடுமாறினாலும் மெஷின் கிடையாது. முப்பது வருஷம் மெஷின் ஓட்டிய கிழட்டு மேஸ்திரிகள் எல்லாம் அந்தக் கல்லாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“மொதல்ல தண்ணிக் குழாயத் தொற. துப்பாக்கிய அமுக்கி உள்ள இருக்கிற காத்தெல்லாம் போக விடு. தண்ணி ஒரே சீரா வந்தப்புறந்தான் எஞ்சின் கயித்த இழுக்கணும். தண்ணி இல்லாம ஓட விட்டா பம்ப் செத்துரும். பம்ப் செத்தா உன்னய நான் விடமாட்டேன். மெஷினு வெளியதான் நிக்கணும். மழ பெய்யுது, வெயிலடிக்குதுன்னு கூரைக்குள்ள தள்ளாத. அந்தப் பொகையில இருக்கிற வெசத்துக்கு வாசம் கெடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்புறம் பக்கத்துக் கடையில உனக்குப் பெட்டி அளவெடுப்பாங்க. சூடா இருக்கும்போது பெட்ரோல் ஊத்தாத. நிறுத்திட்டு ஒரு டீ குடி, மெதுவா குடி, அதுக்குள்ள எஞ்சின் ஆறிரும். வாயில சிகரெட்டோட பெட்ரோல் ஊத்துறவன் என் கடைப் பக்கமே வரவேணாம்.”

இது பாதி. மீதிப் பாதி துப்பாக்கியைப் பற்றி. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அமுக்கினால் பின்னால் உதைக்கும். ஏணி மேல் ஏறக் கூடாது. மனிதன் பக்கம், நாய் பக்கம், கரண்டு பக்கம் காட்டக் கூடாது. கீழே வைக்கும்போது விசையைப் பூட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாய்க்குள் அழுத்தம் உட்கார்ந்திருக்கும். விசையை ஒருமுறை அமுக்கி அதை வெளியேற்றிவிட்டுத்தான் முனையை மாற்ற வேண்டும். முனைகள் நான்கு. மூன்று முனைகளில் தண்ணீர் விசிறிபோல விரிந்து வரும். நான்காவதில் ஊசிபோல ஒரே கோடாக வரும். அதற்கு மட்டும் அக்கா தன் நகப்பூச்சால் சிவப்பு வளையம் போட்டு, பழைய நாளிதழில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். சிமெண்ட் கட்டி பெயர்க்க மட்டும்தான் அது. கடைசியாக, ஒரு சாக்குப் பையை எடுத்து மேசை மேல் வைப்பார். அதற்குள் முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, கையுறை. “இது இல்லாம மெஷினத் தொடாத. தொட்டேன்னு தெரிஞ்சா இந்தக் கடைக்கு இனிமே வராத.”

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். காரணம், அந்தக் கடையின் சுவரில் தொங்கிய அறிவிப்புப் பலகையை எழுதியதே நான்தான். ஊரில் என் கையெழுத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒருநாள் அக்காவின் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதை ஏன் தினமும் கத்த வேண்டும், நல்ல தமிழில் எழுதி மாட்டிவிடலாமே என்று தோன்றியது. பச்சை வண்ணத்தில் எழுதிக் கொடுத்தேன். ‘பயனர் யாவரும் பாதுகாப்புக் காலணி அணிந்தே இவ்வியந்திரத்தை இயக்குதல் வேண்டும்.’ அக்கா அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லாருக்கு தம்பி. ஒருத்தனுக்கும் புரியாது. ஆனா அழகா இருக்கு லா.”

மாட்டிவிட்டு, வழக்கம்போலக் கத்துவதையும் தொடர்ந்தார்.

இந்தக் கையெழுத்துதான் என்னைக் கோயில் செயற்குழுவிலும் கொண்டுபோய் விட்டது. எங்கள் பகுதியில் ஒரு நடுத்தரமான கோயில். கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை எழுத, கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பே கோயில் வாசல் பலகையை எழுதிக் கொடுத்தவன் நான்தான். ‘பக்தர்கள் யாவரும் காலணிகளைக் களைந்தே இவ்வளாகத்தினுள் நுழைதல் வேண்டும்.’ அதே பச்சை வண்ணம். மீதி இருந்தது, வீணாக்குவானேன். மற்றபடி எனக்கும் கோயிலுக்கும் இருந்த உறவைப் பெரிதாகச் சொல்ல முடியாது. வாசலை ஒட்டிய மண்டபத்தில் கூட்டத்துக்கு வாரம் ஒருமுறை போவேன். உள்ளே போய்ச் சாமி கும்பிடுவது தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும். செயற்குழுவில் இருப்பவனுக்குச் சாமி கும்பிட எங்கே நேரம் கிடைக்கிறது?

கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, பிராகாரத்துத் தரையைக் கழுவுவது பற்றிப் பேச்சு வந்தது. பல வருஷத்துப் பாசி, எண்ணெய்ப் பிசுக்கு, மேலே புதிதாகக் கொத்தனார்கள் சிந்திய சிமெண்ட். தலைவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் கால அட்டவணை போட்டுத்தான் யோசிப்பார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவு, நாற்பது பேர், ஆளுக்கொரு தேங்காய் நார் பிரஷ், பத்து மணிக்கு மகளிர் பகுதியின் பொறுப்பில் பசியாற மீகூன் நூடுல்ஸ் என்று எழுதியே கொண்டுவந்திருந்தார். நான் எழுந்தேன். இன்றைக்கும் என்னை நானே மன்னிக்க முடியாத பேச்சு அது. உலகம் எங்கேயோ போய்விட்டது, நாம் இன்னும் முட்டி போட்டுத் தரை தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஆரம்பித்தேன். ஓர் ஆள், ஒரு மெஷின், ஒரு காலைப்பொழுது போதும் என்று முடித்தேன். அந்த ஓர் ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. என் நெஞ்சு நிமிர்ந்திருந்ததே போதுமானதாக இருந்திருக்கும்.

“அப்ப மீகூன்?” என்று கேட்டார் மகளிர் பகுதித் தலைவி.

மீகூனும் ரத்து என்றார் தலைவர். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு ஒரு விரல் போயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அக்கா கடைக்குப் போனேன். பாடத்தை ஒப்பித்தேன். ஒப்பித்தது மட்டுமல்ல, அவர் ஓர் இடத்தில் விட்டதைக்கூட எடுத்துக் கொடுத்தேன். சிமெண்ட் கட்டி இருக்கிறது, சிவப்பு முனையும் வேண்டும் என்றேன். அக்கா யோசித்தார். “கோயில் தரைதானே? பச்சத்தண்ணி ஊத்தி, விசிறி முனையிலயே பொறுமையா செஞ்சா வந்துரும்.” எனக்குப் பொறுமை இல்லை என்பதை நாகரிகமாகச் சொன்னேன். நாளிதழ்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, “கால்கிட்டக் கொண்டுவராத. ஒரு எட்டு தள்ளிப் புடி,” என்றார். காரின் பின்பெட்டியில் மெஷினை ஏற்றி, மூட முடியாத கதவைக் கயிற்றால் கட்டி, பக்கத்து இருக்கையில் பூட்ஸ் சாக்கை மரியாதையாக உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோயில் வாசலில் சாக்கைப் பிரித்தேன். பூட்ஸை வெளியே எடுத்தேன். அப்போது தலைக்கு மேல் இருந்தது பச்சை எழுத்தில் என் சொந்தப் பலகை.

இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடையில் தொங்கிய பலகை என்னைக் காலணி போடச் சொன்னது. கோயிலில் தொங்கிய பலகை கழற்றச் சொன்னது. இரண்டும் என் கையெழுத்து, என் வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைத் தூக்கிப் பிடித்தபடி நான். ஐந்து நிமிடம் யாரிடமாவது போய்க் கேட்டிருக்கலாம். ரப்பர் பூட்ஸ்தான், அங்கேயே கழுவிவிட்டுப் போட்டிருக்கலாம். காலில் பிளாஸ்டிக் பையாவது கட்டியிருக்கலாம், அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது என்றாலும். ஒன்றும் செய்யவில்லை. என் கால் இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலேயே செருப்பைக் கழற்றிவிட்டது. கோயில் வாசலைக் கண்டதும் தானாகச் செருப்பை உதறும் கால் அது, நாலு வயதில் இருந்து அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். பூட்ஸை வாசல் குழாய்க்குப் பக்கத்தில் ஜோடியாக, முனை வெளியே பார்க்கும்படி வைத்தேன். உள்ளே போய்க் கருவறைப் பக்கம் பார்த்தேன். திரை போட்டிருந்தது. நடை சாத்திய நேரமாக இருக்கும் என்று, திரையையே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், மற்ற எல்லா விதிகளையும் நான் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். லேசாகத் தூறல் விழுந்ததும், மேற்பார்வை பார்க்க வந்திருந்த தலைவர் நல்லெண்ணத்தில் மெஷினை மண்டபத்துக்குள் தள்ளப் பார்த்தார். நான் பாய்ந்து போய்த் தடுத்து, வாசமில்லாத விஷத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி, மெஷினை மறுபடி திறந்த வெளிக்கே கொண்டுபோனேன். தூறல் விடும்வரை எஞ்சினை நிறுத்தி வைத்தேன். பெட்ரோல் ஊற்றும் முன் டீ குடித்தேன். தலைவர் சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் இருந்து எடுத்தபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குடிக்கச் சொன்னேன். “ஏன்பா, என் கோயில்லயே என்னய வெரட்டுற,” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். கண்ணில் கண்ணாடி, கையில் கையுறை, காதில் பஞ்சு. இடுப்புக்கு மேலே என்னைப் பார்த்திருந்தால் அக்காவே மெச்சியிருப்பார்.

விசிறி முனையில் பாசி அழகாகப் போனது. கறுப்புத் தரையில் வெள்ளைப் பட்டை விழுந்துகொண்டே வருவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. ஆனால் வடக்கு மூலையில் இருந்த சிமெண்ட் கட்டி அசையவில்லை. எஞ்சினை நிறுத்தி, விசையை அமுக்கி அழுத்தத்தை வெளியேற்றி, முறைப்படி முனையை மாற்றினேன். சிவப்பு வளையம். மறுபடி கயிற்றை இழுத்தேன். ஒரு கட்டி தெறித்தது, இரண்டு கட்டி தெறித்தது. மூன்றாவது பிடிவாதம் பிடித்தது. கிட்டப் போனேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் போனேன். கழுவிய பாசியெல்லாம் வழுக்கலாகக் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. இடது கால் அரை அடி முன்னால் சறுக்கியது. அவ்வளவுதான். கொசு கடித்ததுபோலக்கூட இல்லை, யாரோ ரப்பர் பேண்டை இழுத்து விரலில் விட்டதுபோல ஒரு சுண்டல்.

விசையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். பெருவிரலில், நகத்துக்குக் கொஞ்சம் மேலே, பேனா முனையால் புள்ளி வைத்ததுபோல ஒரு துளை. ரத்தம் ஒரு சொட்டு. அதுவும் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. இதற்காகவா அந்த அக்கா அத்தனை கத்து கத்தினார் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. மீதித் தரையையும் கழுவி முடித்தேன். தலைவர் வந்து பார்த்து, “பரவால்ல, பேச்சுக்குத் தகுந்த வேல,” என்றார். அந்தப் பாராட்டை வாங்கும்போது இடது விரல் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி மரத்துப்போயிருந்தது.

பிற்பகல் விரல் தடித்தது. செருப்பின் வார் இறுக்கியது. எனக்குள் இருந்த இன்சூரன்ஸ் குமாஸ்தா உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டான். கோயில் தரையைக் கழுவுகிறேன் என்று நாற்பது பேரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீரால் தன் காலைத் தானே துளைத்துக்கொண்டவன் என்று வெளியே தெரிந்தால், மகளிர் பகுதி அதை வைத்து அடுத்த தீபாவளி வரை மீகூன் கிண்டும். அதனால் கிளினிக்கில் டாக்டரிடம், “ஆணி குத்திருச்சு டாக்டர்,” என்றேன். அவர் பாவம், நல்லவர். துருப்பிடித்த ஆணியா என்று கேட்டார். ஆமாம், நல்ல துரு என்றேன். ஆணிக்கு உண்டான ஊசியைப் போட்டு, ஆணிக்கு உண்டான மருந்தைத் தடவி அனுப்பினார். பொய்யைச் சொன்னால் பொய்க்குத்தான் வைத்தியம் கிடைக்கும்.

ஐந்து மணிக்கு அக்கா கடையில் மெஷினை இறக்கினேன். நொண்டாமல் நடப்பதில் முழுக் கவனமும் இருந்தது. அக்கா மெஷினைச் சுற்றி வந்தார். எண்ணெய் பார்த்தார், குழாயைத் தடவிப் பார்த்தார், சிவப்பு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. பிறகு சாக்குப் பையைக் கவிழ்த்தார். கையுறை நனைந்திருந்தது. கண்ணாடியில் தண்ணீர்ப் புள்ளிகள். பூட்ஸை எடுத்தார். ஒன்றுக்குள் கையை விட்டார், அடிப்பாகத்தை விரலால் தேய்த்தார்.

“இது ஏன் காஞ்சு கெடக்கு?”

வெயிலில் வைத்தேன் என்றேன்.

“எந்த வெயிலு? காலையில இருந்து மழ மூட்டமா இருக்கு.” அவர் பார்வை கீழே இறங்கியது. “செருப்பக் கழட்டு.”

“ஒன்னும் இல்லக்கா. ஆணி...”

“கழட்டுன்னேன்.”

கழற்றினேன். அந்த நேரத்துக்கு என் பெருவிரல் சின்ன நாட்டுத் தக்காளி அளவுக்கு வந்திருந்தது, நிறமும் ஏறக்குறைய அதுதான். அக்கா குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பின்னால் திரும்பி, “இங்க வாங்க,” என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்தார். போய் லோரி சாவியை எடுத்து வந்து மனைவியின் கையில் வைத்தார்.

“எத்தன மணிக்கு பட்டுச்சு?”

“பதினோரு மணி இருக்கும்.”

“ஆறு மணி நேரம். வாயில என்ன வச்சிருந்த ஆறு மணி நேரமா? ஏறு.”

லோரியில் போகும்போதுதான் சொன்னார். துறைமுகத்தில் கன்டெய்னர் கழுவும் வேலையில் அவர் கணவர் இருந்தாராம். சுட்டுவிரலில் இதே மாதிரி ஒரு புள்ளி. “வலிக்கல, ரத்தம் வரல, மத்தவங்க சிரிப்பாங்கன்னு வீட்டுல தைலம் தேச்சுட்டுப் படுத்துட்டாரு. எங்கிட்டகூட சொல்லல. துளை சின்னதாத்தான் இருக்கும் தம்பி. தண்ணி உள்ள போயி எங்க நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அழுக்குத் தண்ணி வேற. நாலாவது நாளு மணிக்கட்டோட எடுத்தாங்க.” கியரை மாற்றினார். “நாளெல்லாம் வாய் வலிக்கக் கத்துறேன். கேக்குறவனெல்லாம் எனக்குப் பைத்தியம்னு நெனைக்கிறான். நெனச்சுக்கட்டும், பூட்ஸப் போட்டா போதும்னு இருந்தேன். நீ என்னடான்னா எழுதிக் குடுத்தவன்.”

அந்த முழுக்கைச் சட்டையை எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு வந்திருந்தால் அதற்கும் ஓரத்தில் சிவப்பு மையால் இரண்டே வார்த்தைதான் எழுதியிருப்பேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மேசைக்குப் போனோம். இவ்வளவு கேட்ட பிறகும், என்ன ஆயிற்று என்று உதவியாளர் மலாயில் கேட்டதும், என் வாய் பழக்க தோஷத்தில் ‘ஆணி’ என்றது. அக்கா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டுத் தானே முன்னால் போனார். ஆணி இல்லை, அழுத்தத் தண்ணீர், பெட்ரோல் மெஷின், ஊசி முனை, ஆறரை மணி நேரம், தரையில் பாசியும் சிமெண்டும் என்று மலாயில் ஒவ்வொன்றாக அடுக்கினார். உதவியாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இளம் டாக்டர் வந்தார், பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். பெரிய டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அக்காவிடம் பேசினார். விரலைத் திறந்து உள்ளே கழுவ வேண்டும், எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும், விரல் இருக்குமா இருக்காதா என்பதை இப்போது சொல்ல முடியாது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் புகழ்பெற்ற கையெழுத்து அன்றைக்குக் கோழி கிளறியதுபோல வந்தது.

விரல் இருந்தது. இரண்டு முறை திறந்து கழுவினார்கள், பத்து நாள் படுக்கவைத்தார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் தைலம் போட்டுக்கொண்டிருந்தால் கதை வேறு என்று பெரிய டாக்டர் போகும்போது சொன்னார். நகம் மட்டும் திரும்ப வரவில்லை. வந்ததை நகம் என்று சொன்னால் நகங்கள் கோபித்துக்கொள்ளும்.

அந்தப் பத்து நாளில் அக்கா ஒருமுறை வந்தார். ஒரு கையில் ஹார்லிக்ஸ், இன்னொரு கையில் என் செருப்பு. அது அவர் லோரியிலேயே கிடந்ததாம். கட்டில் கால்மாட்டில் நின்று, கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே, “உன் போர்ட எறக்கிட்டேன்,” என்றார். அதற்குப் பதிலாக, சவப்பெட்டிக் கடைக்காரரிடம் ஒரு பலகை வாங்கி, அதில் தாமே சுண்ணாம்பால் ஒரு கால் வரைந்து, பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாராம். எழுத்து ஒன்றுகூட இல்லை. “இப்ப எல்லாரும் நின்னு பாக்குறான் லா. சீனன் கேக்குறான், மலாய்க்காரன் கேக்குறான், இது யார் காலுன்னு.” யார் கால் என்று சொல்கிறார் என நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பெயர், விலாசத்தோடு சொல்கிறார் என்றுதான் தோன்றியது.

அக்காவும் அவர் கணவரும் பிறகு மகனோடு ஈப்போ பக்கம் போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். இப்போதெல்லாம் தண்ணீர் பீச்சும் மெஷினை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை, சொந்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். கடைக்காரன் பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளிவிடுகிறான். யாரும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் விரலெல்லாம் வெளியே தெரியும் ஜப்பான் சிலிப்பர் காலோடு காரின் டயரைப் பீச்சிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். துளை சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே போன தண்ணீர் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, பட்டால் உடனே ஆஸ்பத்திரி, என்ன பட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். நான் கேட்டைச் சாத்தும்போது, அதே சிலிப்பரோடு அடுத்த டயருக்குப் போயிருந்தார். அக்காவுக்கு வந்த எரிச்சலில் கால்வாசிதான் எனக்கு வந்திருக்கும். அதற்கே இரண்டு நாள் தூக்கம் போனது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்களில் இன்னும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கோயில் குருக்கள். யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியானவர், தேவையில்லாமல் வாய் திறக்காதவர். எட்டாம் நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் வந்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். இந்த மனிதரிடமாவது என் செயல் கொஞ்சம் கௌரவமாகத் தெரியும் என்று எனக்கு ஒரு நப்பாசை. பூட்ஸ் இருந்தது சாமி, வேண்டுமென்றேதான் போடவில்லை, சன்னிதானத்துக்குள் காலணியோடு எப்படிப் போவது, மனசு ஒப்பவில்லை, விரல் போனாலும் போகட்டும் என்று இறங்கிவிட்டேன் என்று, சொல்கிற எனக்கே கண்ணில் நீர் வரும்படி சொன்னேன். அவர் முழுவதையும் தலையை ஆட்டாமல் கேட்டார்.

“திருப்பணி துவங்கேக்கையே பாலஸ்தாபனம் செய்து, சாமியைப் பின்பக்கக் கொட்டிலுக்கு மாத்தியாச்செல்லோ,” என்றார். “மூண்டு மாசமாப் பூசை எல்லாம் அங்கைதான். மேசன்மார் எல்லாரும் சப்பாத்தோடைதான் உள்ளுக்கு நிண்டு வேலை செய்யினம். அந்தத் திரைக்குப் பின்னாலை இப்ப இருபது மூட்டை சிமெந்துதான் கிடக்குது. நீங்கள் ஆருக்குச் சப்பாத்தைக் கழட்டினனீங்கள்?”